எனக்குக் கிடைத்த மிகப் பெரிய கைதட்டல்

மைக் பிடிக்க வந்திருக்கும் புதியவர்களே,

இந்த ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையடிவாரத்துத் தகவல் கூடாரத்தில் உட்காரப்போகும் நீங்கள் மூன்று பேரும் போன வாரம் என் வீட்டுக்கு வந்தீர்கள். வந்ததும் ஒருவர், "சார், முப்பது வருஷம் பேசிகினு இருந்தீங்களே, எத்தினி அவார்டு வாங்கினீங்க?" என்று கேட்டார். இன்னொருவர் என் காலில் விழுந்தார். விழுந்த நிலையிலேயே மூன்றாமவரிடம், "எடுத்துட்டியா?" என்று விசாரித்தார். எடுத்தாகிவிட்டது. அந்தப் படத்துக்கு நூற்றுப் பத்து இதயங்கள் விழுந்ததாக மறுநாள் செய்தி அனுப்பினீர்கள். மகிழ்ச்சி. மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று மட்டும் மூன்று பேருமே கேட்கவில்லை.

பரவாயில்லை, அது இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும். நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. எனக்கு வாழ்நாளில் கிடைத்த மிகப் பெரிய கைதட்டலைப் பற்றிச் சொல்லப்போகிறேன். விருது பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். ஆட்டோவில் கொம்பு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, கனகம்மாசத்திரத்திலிருந்து பொதட்டூர்பேட்டை வரை கத்தியிருக்கிறேன். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கட்சிக் கூட்டம், காது குத்து, கண் சிகிச்சை முகாம், இறுதி ஊர்வலம். ஊரில் ஒருவன் ஜெயித்தாலும் செத்தாலும் என் குரல்தான். நான் சொல்லப்போகும் அந்த நாள் வரை இதற்காக நாற்பத்தேழு சால்வைகள் வாங்கியிருந்தேன். சால்வை என்றதும் பட்டு என்று நினைத்துவிடாதீர்கள். நனைத்தால் சாயம் போகும், துடைத்தால் தண்ணீரை உறிஞ்சாது. என் மனைவி ஒன்றை மிக்ஸிக்குப் போர்த்தினாள், ஒன்றைத் தையல் மிஷினுக்குப் போர்த்தினாள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நான் கிளம்பும்போது, "இன்னொண்ணு வாங்கிகினு வாங்க, கேஸ் சிலிண்டரு இன்னும் மானமில்லாம நிக்குது" என்று வழியனுப்புவாள்.

சால்வை இருந்தது, பட்டம் இல்லை. பட்டம் இல்லாதவன் என்று யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. அந்த வேலையை நானே செய்துகொண்டிருந்தேன். அரக்கோணத்தில் என்னைவிடச் சின்னவன் ஒருவன் 'ஒலிச் செம்மல்' ஆனான். செய்தி கேட்ட நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் உச்சரிப்பில் உள்ள குற்றங்களை மனைவியிடம் ஒரு மணி நேரம் விளக்கினேன். அவள் கீரை ஆய்ந்து முடித்துவிட்டு எழுந்து போனாள்.

ஏழெட்டு வருடத்துக்கு முன் ஓர் ஆடிக் கிருத்திகையில் எனக்கும் காலம் கனிந்தது. மலையடிவாரத்தில் அன்னதானப் பந்தல் போடும் விழாக் குழு ஒன்றின் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, காலை பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து ஒரு பிரமுகர் வருகிறார், அவர் கையால் உனக்கு 'வெண்கலக் குரல் வேந்தன்' பட்டம் என்றார். பிரமுகரைப் பத்து நிமிடம் வரவேற்றுப் பேச வேண்டும், அவ்வளவுதான். என்னைப் பற்றி மேடையில் வாசிக்க வேண்டிய புகழுரையையும் நானே எழுதிக் கொடுத்தேன். வழக்கமே அதுதான். 'இதில் எதுவும் மிகையில்லை' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்.

அன்று காலை தகவல் கூடாரத்தில் நானும் ஒலிபெருக்கி செட்டுக்காரரும் இருந்தோம். கூடாரத்துக்கென்று போட்டிருந்த பெண் காவலரைப் பிரமுகர் வரும் பாதைக்கு அனுப்பியிருந்தார்கள். செட்டுக்காரர் அரக்கோணத்து பாய், என்னைவிடப் பத்து வயது சின்னவர். பெயரை எழுதட்டுமா என்று இப்போது போன் போட்டுக் கேட்டேன். "பேரு போட்டு இன்னா ஆவப்போவுது, வுடுணா" என்று வைத்துவிட்டார். அவரிடம் ஒரு வினோதமான பழக்கம் உண்டு. மணிக்கொரு தரம் எழுந்து, படிக்கட்டுப் பாதையில் கட்டியிருக்கும் கடைசிக் கொம்பு வரை நடந்துபோய், அதன் கீழே நின்று கேட்டுவிட்டு வருவார். "நீ பேசறது உனக்கு எப்பிடி கேக்குதுன்றது இல்லணா. அங்க நிக்கிறவனுக்கு இன்னா போய் சேருது, அதான்" என்பார். வேலையில்லாதவர் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பத்து மணி வாக்கில் கற்பூரக் கடைக்கார அம்மாள் ஒரு பெண் குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். நாலு வயதிருக்கும். புதிதாக மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்தது. மஞ்சள் பாவாடை. பேரென்ன என்றேன். "பாப்பா." அப்பா பேர்? "நைனா." அம்மா பேர்? "அம்மா." ஊர்? "எங்க ஊரு." இந்தத் தகவல்களை வைத்துக்கொண்டு அறிவித்தேன். மஞ்சள் உடை, மொட்டைத் தலை, சந்தனம். அன்று அந்த மலையில் இந்த அடையாளம் இல்லாத குழந்தையைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு தரம் சொல்லிவிட்டு என் வரவேற்புரையை எடுத்து வைத்துக்கொண்டேன். குழந்தை பாயின் மடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது.

பத்தே முக்காலுக்கு ஓர் ஆள் மூச்சு வாங்க ஓடி வந்தார். முப்பது வயதிருக்கலாம். அவரும் மொட்டை, மீசையையும் எடுத்திருந்தார், தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. "சாமி, எம்பொண்ணுதாங்க" என்று கையை நீட்டினார். குழந்தை அவரைப் பார்த்தது. அடுத்த நொடி வீறிட்டுக் கத்திக்கொண்டு பாயின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது.

"இது எங்க நைனா இல்ல! எங்க நைனாவுக்கு மீசை கீது!"

அந்த ஆளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இப்பதாங்க எடுத்தேன்... கொயந்தைக்கு மொட்ட அடிச்சிட்டு, பெஞ்சுல குந்தவெச்சிட்டு நான் குந்துனேன். தண்ணி ஊத்திகினு நிமுந்து பாத்தா பெஞ்சு காலிங்க. எம்பொண்டாட்டி கைக்கொயந்தையோட மேல கியூவுல கீறா, போனு அவகிட்ட கீதுங்க..."

இப்போது யோசித்தால் எல்லாமே தெளிவாக இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருந்த மீசைக்காரர் காணாமல் போய், அவர் இடத்தில் யாரோ ஒரு மொட்டை ஆள் உட்கார்ந்திருந்தால், குழந்தை மீசையைத் தேடித்தானே போகும்? ஆண்டாண்டாய் மொட்டை பார்த்து வளர்ந்த திருத்தணிக்காரனான எனக்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. என் கண் கடிகாரத்தில் இருந்தது.

கூட்டம் சேர்ந்தது. செயலாளரும் வந்து சேர்ந்தார். குழந்தை கத்துவதையும் அந்த ஆள் தடுமாறுவதையும் பார்த்துவிட்டு என் காதில், "புள்ள புடிக்கிறவன் மாதிரி கீறான்யா. மைக்குல சொல்லு. தலைவரு வர்ற நேரத்துல நம்ம குழு புடிச்சதா இருக்கட்டும்" என்றார். பாய், "அவசரப்படாதணா, அந்தம்மா வரட்டும், ஆள் அனுப்பலாம்" என்றார். நான் யார் பேச்சைக் கேட்டிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். மைக்கை எடுத்தேன்.

"பக்தகோடிப் பெருமக்களே! கந்தன் காலடியிலேயே ஒரு பச்சிளங் குழந்தையைக் கவர்ந்து செல்ல வந்த கயவன், இதோ நம் கையில் சிக்கியிருக்கிறான்! கயவன்!"

அந்த 'கயவன்' என்பதை அடிவயிற்றிலிருந்து இரண்டு தரம் சொன்னேன். க, க, க என்று மோனை வரிசையாக விழுந்தது, எனக்கே பெருமையாக இருந்தது. அப்போதுதான் அது கிடைத்தது. கைதட்டல். விசில். அடிவாரம் முழுக்க அரோகரா. முப்பது வருடத்தில் எந்த மேடையிலும் அப்படியொன்றை நான் கேட்டதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த வாக்கியத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அந்த ஆளை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

திடீரென்று என் மைக் செத்துப்போனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஹலோ, ஹலோ" என்று தட்டினேன். பத்தடி தூரத்தில் ஒரு மனிதன் கீழே விழுந்து கிடக்கிறான், அவன் மேல் இருபது கால்கள். எனக்கு வந்த கோபமெல்லாம் மைக் மேல்தான். இதைவிடக் கேவலமாக ஒருவன் தன் தொழிலை நேசிக்க முடியாது.

மைக்கை அணைத்தது பாய்தான். அணைத்துவிட்டு அவர் செய்ததைக் கவனியுங்கள், உங்களுக்கும் ஒரு நாள் உதவும். இன்னொரு மைக்கை எடுத்துக் கூடாரத்தின் மேல் இருந்த கொம்புக்கு நேராக நீட்டி, ஒலியை முழுதாகத் திறந்துவிட்டார். அது எழுப்பும் கீச்சொலி உங்களுக்குத் தெரியுமே. பல்லெல்லாம் கூசும். அடித்துக்கொண்டிருந்த அத்தனை கைகளும் காதைப் பொத்தப் போயின. அந்த இடைவெளியில் அவர் உள்ளே புகுந்து அந்த ஆளைத் தூக்கிக் கூடாரத்தின் பின்துணிக்கு மறுபக்கம் இழுத்துப்போனார். அவர் சட்டைப் பையும் கிழிந்து தொங்கியது.

துணியை விலக்கித் தலையை மட்டும் நீட்டி என்னிடம் சொன்னார். "அது மீசைய தேடிகினு கீதுணா. மொகத்த வுடு. கொரல கேக்கட்டும்."

அந்த ஆள் கையில் மைக்கைக் கொடுத்தார். உதடு கிழிந்திருந்தது. இரண்டு தரம் வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. "வூட்ல எப்பிடி கூப்புடுவ, அப்பிடி கூப்புடு" என்றார் பாய். அந்த ஆள் பொதட்டூர்பேட்டைக்காரர், விசைத்தறி ஓட்டுகிறவர். தறி ஓடும் வீட்டில் ஒருவரையொருவர் கூப்பிடுவதே தனி. சத்தத்துக்கு மேலே ஏறிப்போகும்படி இழுத்துக் கூப்பிட வேண்டும். மைக்கில் அப்படிக் கத்தினால் கொம்பு பிளந்துவிடும் என்று நீங்கள் பயிற்சியில் படித்திருப்பீர்கள். அவர் படித்ததில்லை.

"ஏ... சில்லூ...வ்! சோறு ஆறுதுடீ!"

கொம்பு அலறியது. உச்சரிப்பு இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை, குரலே உடைந்திருந்தது. கடைசிக் கொம்பு வரை அந்த ஆறிப்போகிற சோறு ஒலித்தது. இங்கே குழந்தை அழுகையைப் பாதியில் நிறுத்தி எழுந்து நின்றது. "எங்க நைனா! எங்க நைனா எங்க?" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தது. துணிக்குப் பின்னாலிருந்து, மைக் இல்லாமல், அதே சத்தம் மறுபடியும் வந்தது. ஓடிப்போய்த் துணியைத் தூக்கிப் பார்த்தது. ஒரு நொடி தயங்கியது. பிறகு கிட்டே போய் அவர் மேலுதட்டைத் தொட்டது.

"மீசை எங்க?"

"சாமிக்குக் குடுத்துட்டேன்டா."

"திருப்பிக் குடுக்குமா?"

"குடுக்கும்."

கழுத்தைக் கட்டிக்கொண்டது. கால் மணி நேரத்தில் தாய் வந்தார், போனில் குழந்தையின் படங்கள் இருந்தன, பெண் காவலரும் திரும்பி வந்து எழுதிக்கொண்டு அனுப்பினார். அடித்தவர்கள் ஒருவரையும் காணவில்லை. எல்லாரும் சாமி கும்பிடப் போய்விட்டார்கள்.

பதினொன்றரைக்குப் பிரமுகர் வந்தார். நான் மேடைக்குப் போனேனா என்று கேட்கிறீர்களா? போனேன். செயலாளர் என் புகழுரையை வாசித்தார். கூடவே, "இன்று காலைகூட ஒரு குழந்தையைக் கயவனிடமிருந்து மீட்ட" என்று சொந்தமாக ஒரு வரி சேர்த்தார். அவருக்கு நடந்தது தெரியும். எனக்கும் தெரியும். நாற்பத்தெட்டாவது சால்வையைப் போர்த்தினார்கள். முன்னால் மைக் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். காலையில் செய்தது அவசரத்தில் செய்த தப்பு. மேடையில் செய்ததற்கு அப்படியொரு சாக்கும் கிடையாது.

அன்று மாலைக்குள் ஒரு வீடியோ போன் போனாகச் சுற்றியது. அந்த மனிதர் அடிவாங்குகிறார், பின்னணியில் என் வெண்கலக் குரல். குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்ட பகுதியை யாரும் எடுக்கவில்லை. அதற்கு இதயம் விழாது என்று நினைத்திருப்பார்கள். எனக்கு மட்டும் நிறைய வாழ்த்து வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன், ஒன்றும் உள்ளே போகவில்லை. சாப்பிட்டும் வயிறு காலியாக இருப்பதுபோல் இருந்தது. பட்டம் வந்தால் தீரும் என்று இத்தனை வருடம் நான் நினைத்திருந்த பசி, பட்டத்தோடு சேர்ந்து இன்னும் பெரிதாகியிருந்தது.

நாலாம் நாள் பாய் போன் செய்தார். "பொதட்டூர்பேட்ட போய் வந்தேன்ணா. அந்தாள வேலைக்கு வரவேணாம்னுட்டாங்களாம். பக்கத்து வூட்டுக்காரங்க பசங்கள அந்தக் கொயந்தையோட ஆட வுடறதில்லையாம். நீ பேசுனது அதுவரைக்கும் போயிகீது."

"இப்ப இன்னா பண்றது பாய்?"

"நான் இன்னாத்த சொல்றது. செட்டு கீது, ஆட்டோ கீது. கொரலு உன்னுது."

மறுநாள் போனோம். நான் ஓர் அறிவிப்பு எழுதிக்கொண்டு போயிருந்தேன். 'அன்றைய தினம் தவறுதலாக ஒலிபரப்பான செய்திக்கு வருந்துகிறோம்' என்று ஆரம்பித்தது. பாய் வாங்கிப் படித்துவிட்டு, "ஒலிபரப்பாச்சா? தானா ஆச்சா?" என்று கேட்டார். காகிதத்தைக் கிழித்துவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

"நான் திருத்தணியில மைக்குல பேசறவன். ஆடிக் கிருத்திகை அன்னிக்கு உங்க ஊர்க்காரர் ஒருத்தர புள்ள புடிக்கிறவன்னு சொன்னேன். அது பொய். அது அவரோட கொயந்த. அவரு அடி வாங்குனது என்னாலதான்."

அவ்வளவுதான். தெருத் தெருவாக இதையே சொன்னேன். முதல் நாள் செத்துப் பிழைத்தேன். லுங்கிக் கடைக்காரர் ஒருவர், "காலைலேர்ந்து ஒரே பாட்டு, வேற ரெக்கார்டு இல்லியா?" என்று கேட்டார். யாரோ படம் பிடித்து, சிரிக்கிற முகங்களைப் போட்டு ஊரெல்லாம் அனுப்பினார்கள். அரக்கோணத்து ஒலிச் செம்மலும் எனக்கே ஒன்று அனுப்பினான். செயலாளர் போனில் கத்தினார். "பட்டம் குடுத்து முழுசா ஒரு வாரம் ஆவல, குழு மானத்த வாங்குறியா? இனிமே அந்தப் பட்டத்த எங்கயும் போடாத." சரி என்றேன். சொன்னதும் தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தாற்போல் இருந்தது, அதுதான் ஆச்சரியம்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒன்றைக் கவனித்தேன். யார் பார்க்கிறார்கள் என்று பார்க்க மறந்திருந்தேன். குரல் தானாக இறங்கியிருந்தது. ஒரு தெருவில் பேசிவிட்டு, இறங்கி அந்தத் தெருக்கோடிவரை நடந்துபோய், வாசலில் நின்றிருந்த ஒரு பெண்ணிடம், "இன்னா சொன்னேன்னு கேட்டுச்சாம்மா?" என்று விசாரித்தேன். "ஆங், கேட்டுச்சு. அந்தாளு மேல தப்பில்லன்றீங்க" என்றார். அது போதும் என்று இருந்தது. நல்லா பேசினேனா என்று கேட்கவே தோன்றவில்லை. அன்று பகல் ஒரு கையேந்தி பவனில் சாம்பார் சாதம் சாப்பிட்டேன். வயிறு நிறைந்தது. மனசும் நிறைந்திருந்தது என்று எழுதினால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நிறைந்திருந்தது.

மூன்றாம் நாள் அவர் தெருவுக்குப் போனோம். வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன், பயம். இருபக்கமும் வீடுகளில் தறி ஓடிக்கொண்டிருந்தது. பாதி பேசும்போது ஒரு கதவு திறந்து அவர் வந்தார். உதட்டில் காயம் ஆறி வந்திருந்தது. அதற்கு மேலே மீசை கறுப்புக் கறுப்பாய் எட்டிப்பார்த்தது. ஆட்டோவை நோக்கி நடந்து வந்தார். இந்த இடத்தில் உங்களிடம் மறைக்க மாட்டேன், எனக்குள் இருந்த அந்த வெண்கலக் குரல் வேந்தன் இன்னும் முழுதாகச் சாகவில்லை. ஓர் அறையோ, கட்டிப்பிடித்து ஓர் அழுகையோ, தெருவே பார்க்கும்படி ஏதோ நடக்கப்போகிறது என்று முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

அவர் ஆட்டோவின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "போதும்ங்க. எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சு. நாளைலேர்ந்து வேலைக்கு வரச் சொல்ட்டாங்க."

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கொம்பைக் காட்டினார்.

"அத்த நிறுத்துங்க. கொயந்த தூங்குது. தறி சத்தத்துல தூங்கும், மைக்கு சத்தத்துல தூங்காது."

அணைத்தேன். அவர் திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆட்டோவைக் கிளப்பப்போன பாயின் கையைப் பிடித்து நிறுத்தினேன். இரண்டு பேரும் இறங்கித் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனோம். முப்பது வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை.